கருக்கலைப்பு கேட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவர் என்ன பதில் சொல்வது?

மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "உயிரைக் காப்பதாக உறுதிமொழி எடுத்துக்கொண்ட ஒருவர் கருவைக் கலைப்பது அறமாகுமா? சட்டம் இடம் கொடுக்கிறது என்ற பதில் எனக்குப் போதவில்லை. இரண்டு பக்க வாதங்களையும் மழுப்பாமல் சொல்லுங்கள்."

போதாதுதான். சட்டம் இடம் கொடுப்பதால் ஒரு செயல் அறமாகிவிடாது. அதைவிட முக்கியம், இந்தக் காரியத்தில் நம் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுப்பதற்காகப் பிறந்ததே அல்ல. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவில், கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டு சிறை என்றது. வயிற்றில் குழந்தையின் துடிப்பு தெரியத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தக் குற்றவாளிப் பட்டியலில் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88ஆம் பிரிவாக அது அப்படியே இருக்கிறது. 1964இல் அமைந்த சாந்திலால் ஷா குழு, திருட்டுத்தனமான கலைப்புகளால் பெண்கள் சாவதைப் பார்த்துப் பரிந்துரை செய்தது. 1971இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சொன்னது இவ்வளவுதான்: இன்னின்ன காரணங்களுக்காக, நல்லெண்ணத்தோடு, பதிவுபெற்ற மருத்துவர் செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். கவசம் மருத்துவருக்கு. பெண் கேட்டால் கிடைக்கும் என்று எங்கும் எழுதவில்லை. மருத்துவர் 'கருத்துக்கு வர' வேண்டும். உங்கள் கேள்வி இவ்வளவு கனமாக உங்கள் தோளில் வந்து உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் நூற்றாண்டாக மகப்பேறு மருத்துவம் பார்க்கிறேன். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று நம்புகிறேன்; செய்தும் வருகிறேன். ஆனால் எதிர்த்தரப்பை மதவெறி என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு எதிர்கொள்ளாதவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அந்த வாதத்தின் அடிப்படை எளிமையானது. நீங்களும் நானும் ஒருகாலத்தில் கருவாக இருந்தவர்கள். அங்கிருந்து இங்குவரை இழை அறுபடவே இல்லை. எந்த இடத்தில் கோடு போட்டு 'இதற்கு முன் வெறும் சதை, இதற்குப் பின் மனிதர்' என்பீர்கள்? ஆறாவது வாரத்தில் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிகிறதே, அங்கேயா? ஐந்தாம் மாத வாக்கில் தாய்க்கு அசைவு தெரிகிறதே, அங்கேயா? கருப்பைக்கு வெளியே பிழைக்கத் தொடங்கும் 24ஆவது வாரமா? கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 26 வாரத்தில் பிறக்கும் சிசு, நல்ல பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள நகரத்தில் பிழைக்கிறது. மலையடிவாரத்து ஊரில் பிழைப்பதில்லை. ஓர் உயிரின் மதிப்பு அது இருக்கும் இடத்துக்கும் வென்டிலேட்டருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தா அமையும்? நேர்மையான பதில், 'அமையாது' என்பதுதான்.

இதைக் கடவுளைத் துணைக்கு அழைக்காமல் மிகக் கூர்மையாகச் சொன்னவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் டான் மார்க்விஸ், 1989இல். ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவருக்கு வலிக்கும் என்பதால் மட்டுமல்ல. தூக்கத்தில் வலியில்லாமல் கொன்றாலும் தவறுதான். அவர் வாழவிருந்த நாட்களையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறோமே, அதனால். கருவுக்கும் அப்படி ஓர் எதிர்காலம் காத்திருக்கிறது, அதைப் பிடுங்குவதும் அதே தவறு என்கிறார் அவர். நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் தொந்தரவு கொடுத்த வாதம் இதுதான். இன்றும் கொடுக்கிறது.

நம் மொழியிலும் இந்தக் கவலை பழையது. புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் பெரும்பாவங்களை வரிசைப்படுத்துகிறார்; மகளிரின் கருவைச் சிதைப்பது அதில் ஒன்று. நன்றி கொன்றவருக்குத்தான் உய்வே இல்லை, கருச்சிதைத்தவருக்கும் கழுவாய் உண்டு என்று பாடல் போகிறது. கழுவாய் உண்டு என்பதால் அது சிறு குற்றம் ஆகிவிடாது. ஆனால் அந்த வரியை ஊன்றிப் படியுங்கள்: பழிக்கப்படுகிறவர் பெண்ணின் கருவைச் சிதைத்த இன்னொருவர். அந்தப் பெண் தானே முடிவெடுத்தால் என்ன என்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட உறுதிமொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1948இல் இயற்றிய ஜெனீவா பிரகடனத்தில், கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிரை மதிப்பேன் என்று இருந்தது. 1983இல் அது 'தொடக்கத்திலிருந்து' என்று தளர்ந்தது. 2005இல் அந்தச் சொல்லும் போனது. மருத்துவ உலகமே ஒரு முடிவுக்கு வர முடியாமல் தன் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறது. ஆகவே உறுதிமொழியை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இனி என் பக்கம். கரு மனிதரே என்று ஒரு பேச்சுக்கு முழுதாக ஒப்புக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: இன்னோர் உயிர் வாழ்வதற்காக ஒருவரின் உடலைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாமா? ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற தத்துவ அறிஞர் இதை எழுப்பியது 1971இல், நம் சட்டம் வந்த அதே ஆண்டில். அவருடைய கற்பனை உதாரணம் நமக்கு வேண்டாம். நம் ஊரிலேயே உண்மையான உதாரணம் இருக்கிறது. பத்து வயது மகனுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, தந்தையின் சிறுநீரகம் பொருந்துகிறது, அவர் மறுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் காறித் துப்பும். ஆனால் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, அவர் சம்மதம் இல்லாமல் அந்தச் சிறுநீரகத்தைத் தொட எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. இறந்தவரின் கண்ணை எடுக்கக்கூட அனுமதி கேட்கிறோம். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணிடம் மட்டும், ஒன்பது மாதம் இரத்தத்தையும் எலும்பின் சுண்ணாம்பையும் மூச்சையும் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் சிறை என்று சொல்கிறோம்.

எதிர்த்தரப்பு இதற்குச் சரியான பதில் ஒன்று வைத்திருக்கிறது. சிறுநீரகம் தர மறுப்பது உதவாமல் இருப்பது. கருக்கலைப்பு ஓர் உயிரை முடிப்பது. இரண்டும் ஒன்றல்ல. உண்மைதான், ஒன்றல்ல. ஆனால் கரு தனியாக வாழ முடியாத வாரங்களில், உடலைத் தர மறுப்பதற்கு வேறு வழியே கிடையாது. தனியாக வாழக்கூடிய வாரம் வந்த பிறகுதான் 'கர்ப்பத்தை முடிப்பது' என்பதும் 'உயிரை முடிப்பது' என்பதும் பிரிகின்றன. அதனால்தான் 24ஆவது வாரம் எனக்கு முக்கியம். உயிரின் மதிப்பு அன்றைக்குத் திடீரென்று ஏறிவிடுகிறது என்பதால் அல்ல. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கும் அந்த உயிருக்கும் வேறொரு வழி திறக்கிறது என்பதால்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது இந்த முடிச்சேதான். 27 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராததை இயல்பு என்று நினைத்துவிட்டார். வெளிநோயாளிப் பிரிவில் நான் அடிக்கடி பார்க்கும் ஏமாற்றம் இது. தாய்ப்பால் கொடுத்தால் கரு தங்காது என்று நம்பி நாளைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். தெரிந்தபோது சட்டம் வைத்திருக்கும் 24 வார வரம்பு கடந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு அவர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 9 அன்று இரண்டு பெண் நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். மறுநாளே டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார்: சிசு பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, வெளியே எடுக்கும் முன் இதயத் துடிப்பை நிறுத்த வேண்டுமா, வேண்டாமா? நிறுத்தாவிட்டால் பிறப்பது குறைமாதக் குழந்தை. ஆயுள் முழுவதும் ஊனத்தோடு வாழ நேரலாம்.

அந்தக் கேள்விக்கு முன்னால் அமர்வே இரண்டாகப் பிளந்தது. துடிப்பை நிறுத்தச் சொல்லத் தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார் நீதிபதி ஹிமா கோலி. அந்தப் பெண் தன் முடிவில் உறுதியாக இருக்கிறார், அதை மதிக்க வேண்டும் என்றார் நீதிபதி பி.வி. நாகரத்னா. அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது: 26 வாரம் 5 நாள் ஆகிறது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, சிசுவுக்குக் குறைபாடு இல்லை. பிரசவச் செலவை அரசு ஏற்கும், குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோர் விருப்பம் என்றது.

நான் அந்த மூவர் தீர்ப்போடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். சொல்லும்போதே வலிக்கிறது, ஏனென்றால் எஞ்சிய வாரங்களைச் சுமந்தது நானல்ல. அந்தப் பெண் பன்னிரண்டாவது வாரத்தில் வந்திருந்தால் இந்த வழக்கே கிடையாது. தாமதமாக வரும் கருக்கலைப்புகளைக் கண்டு பதறுகிறவர்கள், பெண்கள் சீக்கிரம் வருவதற்குத் தடையாக இருப்பவற்றை அகற்றத்தான் முதலில் பாடுபட வேண்டும்.

அந்தத் தடைகள் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் இரத்தப்போக்கோடு வந்தார். மஞ்சள் பைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு மாத்திரைக்கும் நான்கு மாத்திரைக்கும் குழி உள்ள அட்டை, எல்லாக் குழியும் காலி. நாள் தள்ளிப்போனதும் கணவர் மருந்துக்கடையில் வாங்கி வந்தது. எத்தனை வாரம் என்று யாரும் பார்க்கவில்லை. பதினோரு நாட்களாக உதிரம் நிற்கவில்லை, ஹீமோகுளோபின் ஐந்து. ஏன் முதலிலேயே ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டேன். "வந்தால் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம் என்பார்களாம், மாமியாரையும் கூட்டி வரச் சொல்வார்களாம்" என்றார். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கருத்தடையை நிபந்தனையாக்கவும் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் பல இடங்களில் இரண்டும் நடக்கிறது. அவர் கேட்டது வதந்தியல்ல. நாலு யூனிட் இரத்தம் ஏற்றிப் பிழைத்தார்.

2015ஆம் ஆண்டு இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் சுமார் 73 சதவீதம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. என் தலைமுறைக்கு முன்னால் அந்த மாத்திரையின் இடத்தில் எருக்கங்குச்சி இருந்தது. தடை போட்டால் கலைப்பு நிற்பதில்லை, இடம்தான் மாறுகிறது. ருமேனியாவில் 1966இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. பேறுகால மரணங்கள் ஐரோப்பாவிலேயே மிக மோசமான அளவுக்கு ஏறின. 1989 டிசம்பர் இறுதியில் ஆட்சி கவிழ்ந்ததும் தடை நீங்கியது. அடுத்த ஓராண்டுக்குள் அந்த மரணங்கள் பாதியளவு குறைந்தன. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கலைப்புக்கு இடமுண்டு. வல்லுறவுக்கு ஆளானவருக்கும் வேறு வழி இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்கள் கருவை மனிதராகக் கருதுகிறவரை மாற்றாது, மாற்றவும் வேண்டியதில்லை. திருட்டு எப்படியும் நடக்கிறது என்பதற்காக அதை அனுமதிப்போமா என்று அவர் கேட்பார். எண்கள் காட்டுவது வேறொன்று: கருவைக் காப்பதற்கென்று போட்ட தடை கருவையும் காக்கவில்லை, பெண்ணையும் பலி கொடுத்தது.

என் தரப்புக்கு உண்மையிலேயே கடினமான இடம் பெண் சிசு. 'என் உடல், என் முடிவு, காரணம் கேட்காதே' என்றால், பெண் என்பதற்காகக் கலைப்பதையும் கேட்கக் கூடாதா? உசிலம்பட்டியை மறந்துவிட முடியுமா? 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது எதற்காக? பிறந்த பின் கள்ளிப்பாலுக்குப் போனவை, ஸ்கேன் வந்த பின் பிறப்பதற்கு முன்பே போயின. அதே 1994இல் வந்த வேறொரு சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்வதைத்தான் தடுத்தது, கருக்கலைப்பை அல்ல. அது சரியான இடத்தில் போட்ட பூட்டு என்று கருதுகிறேன். அந்தக் கலைப்புகளில் முடிவெடுத்தது பெரும்பாலும் அந்தப் பெண்ணே அல்ல என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சில நேரங்களில் அவரேதான் முடிவெடுத்தார், மூன்றாவதும் பெண் என்றால் வீட்டில் தன் கதி என்ன என்று தெரிந்துகொண்டே. அதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை.

மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் கேள்வியும் அதே அளவு கூர்மையானது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மருத்துவர் கருத்தின்பேரில் 20 வாரம் வரையும், வல்லுறவுக்கு ஆளானவர், பதினெட்டு வயது நிரம்பாதவர், கணவரை இழந்தவர் போன்ற சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் கருத்தின்பேரில் 24 வாரம் வரையும் செய்யலாம். சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் மட்டும் வார வரம்பே இல்லை. பிரிட்டனிலும் இதேபோல ஒரு விதிவிலக்கு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஹைடி குரோட்டர் என்ற பெண் அதை எதிர்த்து வழக்காடி, 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். எங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் இருப்பதே மேல் என்று சட்டம் சொல்கிறதா என்ற அவருடைய கேள்வி தோற்கவில்லை. மூளையே உருவாகாத சிசுவையும் டவுன் சிண்ட்ரோம் சிசுவையும் ஒரே மூச்சில் 'குறைபாடு' என்று எழுதும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது, அப்படிப்பட்ட குழந்தையை வளர்க்கும் ஒரு தாயோடு பேசிப்பாருங்கள் என்று நாம் சொல்வதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் உரிமைப் பக்கம் நிற்பதற்கு 2009இல் வந்த ஒரு தீர்ப்பு பெரிய காரணம். சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய பெண். அங்கேயே வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்றார். நிர்வாகம் கலைக்க அனுமதி கேட்டது. உயர் நீதிமன்றம் கொடுத்தது. அவரோ குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளை பெறுவதும் பெறாமல் இருப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு காக்கும் தனிமனித உரிமை, அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. அந்தக் கருவைக் காத்தது, தாயின் உரிமைதான். 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று சொன்ன தீர்ப்பு நின்றதும் இதே தளத்தில்தான். முடிவு அவளுடையது என்பதைக் கைவிட்டால், கலைக்காதே என்று கட்டளையிடும் அதே கை, கலைத்தே ஆக வேண்டும் என்றும் ஒருநாள் கட்டளையிடும்.

கடைசியாக, உங்கள் மனசாட்சி. உங்களுக்கு இதைச் செய்ய மனம் ஒப்பாமல் போகலாம், அதை மதிக்கிறேன். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் மறுக்கும் மருத்துவருக்கு வெளிப்படையாக இடம் கொடுக்கிறது, தாயின் உயிரையோ, உடல்நலத்துக்கு வரும் நிரந்தரக் கேட்டையோ தடுக்க வேண்டிய நேரம் தவிர. நம் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. தாயைக் காக்கும் அந்த விதிவிலக்கு ஏன் வேண்டும் என்பதற்கு சவிதா ஹலப்பனவரை நினைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்துப் பல் மருத்துவர், 31 வயது, அயர்லாந்தின் கால்வே நகரில் வாழ்ந்தவர். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். சிசு பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். கலைத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். துடிப்பு இருக்கிறது, சட்டம் இடம் தராது என்று காத்திருந்தார்கள். கிருமி இரத்தத்தில் பரவியது. 28ஆம் தேதி இறந்தார். 2018 மே 25 அன்று அந்த நாட்டில் வாக்களித்தவர்களில் 66.4 சதவீதம் பேர், கருக்கலைப்பைத் தடுத்துவந்த அரசியல் சாசனப் பிரிவை நீக்க ஆதரவளித்தார்கள்.

எனவே, செய்ய மாட்டீர்கள் என்றால் பணியில் சேரும் முதல் நாளே துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு பெண் உங்கள் மேசை முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். வருகிறவரை அன்றைக்கே செய்பவரிடம் அனுப்புங்கள், அடுத்த வாரம் வரச் சொல்லாதீர்கள். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் என்ன விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கலைக்க அழைத்து வரப்பட்டவர்களில் சிலர் அந்த ஐந்து நிமிடத்தில் வேண்டாம் என்று அழுததைப் பார்த்திருக்கிறேன், படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் பேறுகாலப் பதிவு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரத்தப்போக்கோடும் காய்ச்சலோடும் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வந்தால் மட்டும் யாருக்கும் அனுப்ப முடியாது. அப்போது பணியில் இருப்பது நீங்கள்தான். கருப்பையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டுதான் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.